ஏரி கோடி போவுது, வண்டியை எடு

ஐப்பசி இரண்டாவது வாரம். விடியற்காலை நாலரை மணிக்குப் போன் அடித்தது. அக்கா மகன். "மாமா, கோடி போவுது" என்றான், வைத்துவிட்டான். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் செருகியிருந்த மூங்கில் கழிகளை உருவுவதற்குள் உள்ளேயிருந்து வீட்டுக்காரியின் குரல்: "கடைச் சாவிய வெச்சிட்டுப் போங்க. பத்து மணின்னு சொல்லிட்டு மூணு மணிக்கு வர்ற ஆளு." நான் பத்து மணி என்று சொல்லவே இல்லை. ஆனால் அன்றைக்கு வீடு திரும்பியது மூன்றரைக்கு.

எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற தொழில். திருநாவலூரைச் சுற்றியுள்ள கொல்லைகளில் கருகிப் போகிற மோட்டார்களில் பாதி என் பட்டறைக்குத்தான் வரும். மழை கொட்டிக் கிணறு நிறைந்தால் மோட்டார் ஓடாது, எனக்கு வேலை இருக்காது. அதே மழையில் ஏரி நிறையும், மீன் ஏறும். வேலை இல்லாத மாதமும் மீன் இருக்கிற மாதமும் எனக்கு ஒன்றாகவே வாய்த்திருக்கிறது. இதைவிட ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும்?

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்களுக்கு உளுந்தூர்பேட்டைச் சுங்கச்சாவடி தெரியும். அதற்குச் சற்று முன்னால் கெடிலத்தைத் தாண்டுகிறார்களே, அது ஓர் ஆறு என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பாலம், அவ்வளவுதான். அந்தச் சாலையை விட்டு இறங்கி எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும், பரிக்கல் பக்கமோ களமருதூர் பக்கமோ சேந்தநாட்டுப் பக்கமோ, பத்து நிமிடத்தில் ஒரு கரை எதிர்ப்படும். கரைமேல் நாலு பனை, ஓர் அய்யனார், ஒரு வேம்பு. ஏறிப் பார்த்தால் தண்ணீர். ஊருக்கு ஓர் ஏரி. சில ஊருக்குப் பெரியேரி, சித்தேரி என்று இரண்டு. ஒன்றும் பிரமாண்டமில்லை. படகு கிடையாது, டிக்கெட் கிடையாது, செல்ஃபி எடுக்கிற மேடை கிடையாது. நான் அவலாஞ்சிக்குப் போயிருக்கிறேன். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் ஓடுகிற நீரோடையை வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். சாத்தனூர் அணைக்குப் போய் 119 அடி அணையின் அடிவாரத்தில் பொரித்த மீன் வாங்கித் தின்றிருக்கிறேன். வீராணத்தின் கரையில் ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறேன். எல்லாம் அழகுதான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், கோடி போகிற எங்கள் சித்தேரிக்கு எதுவும் உறைபோடக் காணாது.

வெளியூர்க்காரர்களுக்காகக் கோடி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து போக ஓரத்தில் கல்லால் கட்டிய தாழ்வான இடம் இருக்கும். புத்தகத்தில் கலங்கல் என்று எழுதுவார்கள். தெற்கே மறுகால் பாய்கிறது என்பார்கள். எங்களுக்குக் கோடி. அந்தக் கோடித் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்கு. இப்படிச் சங்கிலி சங்கிலியாகப் போய்க் கடைசியில் ஏதாவது ஓர் ஆற்றில் விழும். இந்த ஏற்பாட்டை யோசித்தவன் தண்ணீருக்காகத்தான் யோசித்திருப்பான். ஆனால் மீனுக்கு இது ஒரு நெடுஞ்சாலை. அதுவும் சுங்கச்சாவடி இல்லாதது.

அன்றைக்குக் கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது இன்னும் சரியாக விடியவில்லை. சத்தம் முதலில் வந்தது. கல்மேல் தண்ணீர் வழிகிற ஒரே சீரான இரைச்சல், அதற்குள் இடையிடையே 'சளக், சளக்'. அந்தச் சளக் தண்ணீரின் சத்தமில்லை, மீனின் சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், முழங்கால் உயரக் கல்படியில் வழிகிற தண்ணீரை எதிர்த்துக் கெண்டைகள் எம்பிக்கொண்டிருக்கின்றன. விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். எம்பும், கல்லில் மோதும், புரண்டு விழும், மறுபடி எம்பும். பத்தில் ஒன்று மேலே ஏறிவிடும். ஏறினது ஏரிக்குள் போய்விடும். மற்ற ஒன்பதும் அடியில் இருக்கிற சிறு பள்ளத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த முறைக்குக் காத்திருக்கும்.

புதுத்தண்ணீர் வாசனை பட்டால் மீனுக்குள் ஏதோ ஒன்று முறுக்கிக்கொள்கிறது. மழையில் தண்ணீர் குளிர்கிறது, கலங்குகிறது, ஓட்டம் எடுக்கிறது. முட்டையிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அதன் உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். வெள்ளம் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும், குளத்தில் விட்டால் வளருமே தவிரப் பெருகாது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிப் போட்டுக் குளத்து மீனை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்றைக்கு மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் ஏரியில் விடுகிற கட்லாக் குஞ்சு அத்தனையும் அந்த ஊசியின் வம்சம். ஐப்பசிக் கோடித் தண்ணீர் செய்கிற வேலையை ஓர் ஊசி செய்கிறது! முதன்முதலில் இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிய விடிய ஊர் வந்து சேர்ந்தது. பையன்கள் கொசுவலையோடு. இரண்டு பெண்கள் பழைய சேலையை ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு. ஒரு தாத்தா ஊத்தாவோடு. ஊத்தா தெரியாதவர்களுக்கு: மூங்கில் பிளாச்சில் பின்னின, மேலும் கீழும் திறந்த கூடை. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே 'தொப், தொப்' என்று குத்திக்கொண்டே போக வேண்டும். உள்ளே மீன் மாட்டினால் கூடையில் முட்டும், கைக்குத் தெரியும். மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். தாத்தாவின் கை உள்ளே போய் வருகிற ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், ஏனென்றால் உள்ளே இருப்பது கெண்டையா தேளியா என்று கூடைக்கு வெளியே இருக்கிறவனுக்குத் தெரியாது. தேளி குத்தினால் அன்றைய பொழுது போச்சு. பொறுக்கிற அளவு சூடான வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி இறங்கும். பெயர் சும்மாவா வைத்தான், தேளி என்று.

நான் கோடியில் தூண்டில் போடுவதில்லை. அங்கே வேடிக்கை பார்ப்பதோடு சரி. எனக்கு வேண்டியது கோடிக்கு மேல்புறம், ஏரிக்குள், வேகம் அடங்கித் தண்ணீர் சுழலுகிற அந்தப் பத்தடி. ஏறி வந்த சின்ன மீனை விழுங்கப் பெரியது அங்கேதான் காத்திருக்கும்.

என் சரக்கையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக்கூடாது. பத்தடி மூங்கில் கழி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தியது. தங்கூஸ் நரம்பு. தக்கைக்கு மயிலிறகின் தண்டு. விற்கிற பிளாஸ்டிக் தக்கை எதுவும் அதற்கு ஈடில்லை. ஒரு கெண்டைப்பொடி வந்து மோந்துவிட்டுப் போனால்கூட அது தலையாட்டும். ஈயத்துக்குப் பட்டறையில் சாலிடர் துண்டு. இரைக்கு மாட்டுக்கொட்டகை எருக்குழியில் தோண்டின மண்புழு. கெண்டைக்குக் கோதுமை மாவில் கொஞ்சம் புண்ணாக்கு. என் மச்சினன் ஒருத்தன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது சுருள் வைத்த கண்ணாடி நார்க் கழி ஒன்று கொடுத்தான். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூங்கில் வழியாக மீன் பேசுவது மாதிரி அதன் வழியாகப் பேசுவதில்லை.

பழகுகிறவர்கள் ஜிலேபியில் ஆரம்பியுங்கள். மதகுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து மண்புழுவைப் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒன்று நிச்சயம். நம்மூர் மீனில்லை அது. ஆப்பிரிக்காக்காரன், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவன், இப்போது ரேஷன் கார்டே வாங்கிவிட்டான். தாய் மீன் முட்டையை வாயில் வைத்துப் பொரிக்கும். குஞ்சுகளும் கொஞ்ச நாள் ஆபத்து என்றால் திரும்ப வாய்க்குள் ஓடிவிடும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி ஓரம் தெளியும்போது பாருங்கள், தாம்பாளம் தாம்பாளமாகத் தரையில் பள்ளங்கள் தெரியும். ஆண் ஜிலேபி தோண்டின கல்யாண மேடைகள் அவை. கெளுத்தி பிடிக்க வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு அதே மதகு. கெளுத்தியைத் தண்ணீரை விட்டுத் தூக்கினால் 'கிர்ர், கிர்ர்' என்று திட்டும். முள்ளைக் கழற்றுகிற வரைக்கும் திட்டிக்கொண்டே இருக்கும். என் அக்கா மகன் சின்ன வயதில் அதைக் கேட்டு அழுதிருக்கிறான்.

இனி விராலுக்கு வருகிறேன். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை.

கோடி நின்று, தை போய், தண்ணீர் தெளிந்து, ஏரியின் உள்வாயில் அல்லி படர்ந்து கிடக்கிற மாசி மாதத்துக் காலை. ஓரத்தில் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர், அதன் ஊதாப் பூ தண்ணீரில் சாய்ந்து கிடக்கும். ஏரிக்கு நடுவில் காட்டிலாகா வைத்த கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும், ஒவ்வொரு கிளையிலும் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு. பனி மூட்டம் தண்ணீர்மேல் ஒரு முழத்துக்கு நிற்கும். அந்த நேரத்தில் பேசக்கூடாது, இருமக்கூடாது, காலை மாற்றி வைக்கக்கூடாது. காது மட்டும்தான். எங்கேயோ 'ப்ளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பாட்டில் மூடி திறந்த மாதிரி. விரால்!

விரால் செவுளை மட்டும் நம்பிப் பிழைக்கிற மீன் அல்ல. தலைக்குள் காற்றை வாங்கி வைக்க அதற்குத் தனி அறை உண்டு. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை மொண்டுகொண்டு போயே ஆக வேண்டும். தண்ணீர் வற்றினாலும் சேற்றுக்குள் ஈரத்தில் கிடந்து அடுத்த மழையைப் பார்த்துவிடும். இதன் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒன்று, பனையேறிக் கெண்டை, இன்னும் ஒரு படி மேல். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனியர் அது பனைமரத்தில் ஏறியதைத் தானே பார்த்ததாக எழுதி, 1797இல் லண்டனில் அச்சானது. உலகத்து அறிஞர்கள் நூறு வருடம் அதை நம்பலாமா கூடாதா என்று சண்டை போட்டார்கள். எங்கள் ஊரில் மழை நாளில் ரோட்டில் அது செவுளை ஊன்றி ஊர்ந்து போவதைப் பார்க்காதவர் யார்? மரம் ஏறியதை மட்டும் நான் பார்த்ததில்லை.

விராலுக்கு என் தாய்மாமா தவளை கட்டுவார். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை, ரப்பர் தவளைக்கு மாறிவிட்டேன். சென்னையில் ஒரு கடையில் வாங்கின முதல் ரப்பர் தவளையின் முள், முதல் விரால் இழுத்த இழுப்பிலேயே நிமிர்ந்து ஆணி மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரரிடம் காட்டினால், "நீங்க இழுக்கத் தெரியாம இழுத்திருக்கீங்க" என்றார். அவர் வாழ்நாளில் விராலைத் தட்டில்தான் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது முள்ளை நானே மாற்றிக் கட்டுகிறேன்.

அல்லி இலைமேல் தவளையை விட்டு, மெதுவாக, ஒரு சாண் இழுத்து நிறுத்த வேண்டும். மறுபடி ஒரு சாண். இலை விளிம்பிலிருந்து தண்ணீருக்குள் அது 'டப்' என்று விழுகிறதே, அப்போது. அப்போதுதான். அடியிலிருந்து தண்ணீர் உப்பும். ஒரு கறுப்புத் தலை, பாம்புத் தலை, வெளியே வரும். 'பொளக்' என்று ஏரி வாயைத் திறந்து மூடினது மாதிரி இருக்கும். தவளையைக் காணோம். கை அதுவாகவே சுண்டப் பார்க்கும். சுண்டக்கூடாது! "மூணு எண்ணுடா, மாடு" என்பார் மாமா. ஒன்று, இரண்டு, மூன்று. அது இரையைத் திருப்பி வாய்க்குள் போட்டுக்கொள்ள அவ்வளவு நேரம் ஆகும். பிறகு சுண்ட வேண்டும். கழி வில்லாக வளையும், நரம்பு அல்லித் தண்டுகளை அறுத்துக்கொண்டு 'சர்ர்' என்று போகும், இதயம் தொண்டைக்கு வந்துவிடும். போன மாசியில் பிடித்தது என் முழங்கையிலிருந்து விரல் நுனியைத் தாண்டி ஒரு விரற்கடை. கரையில் போட்டபோது அது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடன் கொடுத்தவன் பார்க்கிற பார்வை.

ஒன்றை மட்டும் செய்ய மாட்டேன். சில நாளில் தண்ணீர்மேல் செம்பருத்திப் பூ உதிர்ந்து கிடக்கிற மாதிரி ஒரு கொத்து நகர்ந்துகொண்டே இருக்கும். உற்றுப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் விரால் குஞ்சுகள், நெருப்பு நிறத்தில், பந்து மாதிரிச் சேர்ந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுக் கீழே போகும். அதற்கு நேர் கீழே அப்பனும் ஆத்தாளும் காவலுக்கு நிற்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் கடிக்கும், பசியில் இல்லை, கோபத்தில். அதைப் பிடிக்கிறவனுக்குத் தூண்டில் தெரியும் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காவல் போனால் அந்தப் பந்து முழுவதையும் மற்ற மீனும் கொக்கும் அரைமணியில் முடித்துவிடும்.

முதல் மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிற பழக்கமும் மாமா சொல்லிக்கொடுத்ததுதான். அதற்கு ஒரு காரணமும் சொல்வார். எங்கள் ஊர் சுந்தரர் பிறந்த ஊர். திருவாரூரில் நின்று அறுபது பேருக்கு மேல் அடியார் பெயரைச் சொல்லித் திருத்தொண்டத்தொகை பாடியவர், அதில் நாகப்பட்டினத்து மீனவர் அதிபத்தரையும் சேர்த்துக்கொண்டார். வலையில் சிக்குகிற மீனில் ஒன்றைத் தினமும் சிவனுக்கென்று கடலில் விட்டவர் அதிபத்தர். ஒருநாள் ஒற்றை மீன்தான் கிடைத்தது, அதையும் விட்டார். கடைசியில் பொன்மீன் கிடைத்தது, அதையும் விட்டார். "நம்மூர்ப் புள்ளதான்டா மீன்காரனுக்கு நாயன்மார் பட்டம் வாங்கிக் குடுத்தது" என்று மாமா சொல்லும்போது, ஏதோ அவரே போய்க் கையெழுத்து வாங்கி வந்த மாதிரி இருக்கும். இதே சுந்தரர்தான் விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் போய் எடுத்தவர். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிற அந்த நம்பிக்கை இருக்கிறதே, அவர் மட்டும் தூண்டில் பிடித்திருந்தால்!

ஏரி விஷயத்திலும் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் கர்வப்பட இடமுண்டு. பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன், ராஷ்டிரகூடர்கள் வந்தால் தடுக்க இந்தத் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு தங்கியிருந்தான். ஊருக்கு இராசாதித்தபுரம் என்றே ஒரு பெயர் இருந்தது. கோயில் கல்வெட்டுகளில் அவன் காலம் இருக்கிறது. 949இல் தக்கோலத்துப் போரில் யானைமேல் இருந்தபடியே இறந்தான். சண்டைக்குக் காத்திருந்த நாளில் அவன் வீரர்கள் வெட்டியதுதான் வீராணம் ஏரி என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பராந்தகனின் பட்டப்பெயரான வீரநாராயணன்தான் வீராணம் ஆனது. எதிரி வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று ஏரி வெட்டினான் ஒருத்தன். மீன் வருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் நான்.

கெடிலத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அது என்னை மன்னிக்காது. வருடத்தில் பெரும்பகுதி மணலும் நாணலும்தான். வெள்ளம் வடிந்த பிறகு வளைவுகளில் மடு மடுவாகத் தண்ணீர் நிற்கும். குறவை, ஆரா, உளுவை. மணலில் கால் வைத்தால் கூசுகிற மாதிரி அயிரை ஓடும். எப்போதாவது ஒரு விலாங்கு. விலாங்கு கடலில் பிறக்கிற மீன். கடலூரில் கெடிலம் கடலில் சேருகிறதே, அங்கிருந்து ஆற்றில் ஏறி, மடு மடுவாகத் தங்கி வளர்ந்து, முட்டையிடும் காலம் வந்தால் மறுபடி கடலுக்கே போகும். என் தூண்டிலில் ஒருமுறை மாட்டியது. கையளவு கனம், நாலடி நீளம், வழவழவென்று. கடலிலிருந்து நடந்தே வந்தவனைக் குழம்பில் போட எனக்கு மனசு வரவில்லை. நரம்பை அறுத்துவிட்டேன். முள்ளைக் கழற்றியிருக்க வேண்டும், ஆனால் அதைப் பிடித்து நிறுத்தினவன் எவன்?

அந்த மடுக்களில்தான் சிலபேர் கரண்ட் வைக்கிறார்கள். பேட்டரியும் இன்வெர்ட்டரும் கம்பியும். பெரிசு, சிறிசு, முட்டை வைத்தது, குஞ்சு எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே மிதக்கும். ஒருத்தன் என் பட்டறைக்கே வந்து, "அண்ணே, இதுக்கு ஒரு காயில் கட்டிக் குடுங்க, எவ்ளோ ஆனாலும் பரவால்ல" என்றான். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். 1897ஆம் வருடத்து மீன்வளச் சட்டத்திலேயே வெடி போடுவதற்கும் விஷம் கலப்பதற்கும் தண்டனை எழுதி வைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். கரண்ட் அன்றைக்கு அவனுக்குத் தோன்றியிருக்காது. நம்மாளுக்குத் தோன்றிவிட்டது.

விடக்கூடாத மீனும் ஒன்று உண்டு, ஆப்பிரிக்கக் கெளுத்தி. அரசாங்கம் தடை செய்தும் எங்கேயோ வளர்க்கிறார்கள், வெள்ளத்தில் தப்பி ஏரிக்கு வந்துவிடுகிறது. ஏரியில் அதைவிடச் சிறியது எதுவும் அதனிடம் தப்பாது. மாட்டினால் முதல் மீன் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

பெரிய தண்ணீர் வேண்டும் என்கிறவர்கள் கள்ளக்குறிச்சி தாண்டிக் கச்சிராயபாளையம் போகலாம், கோமுகி அணை. முழு நீர்மட்டம் 46 அடி. கல்வராயன் மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாக நிற்கும். காலையில் மேகம் மலையிலிருந்து இறங்கி அணைமேல் வந்து உட்காரும், கட்லா புரளுகிற சத்தம் மட்டும் கேட்கும். மணிமுக்தா அணை இன்னும் அமைதி. இரண்டு இடத்திலும் மீன் உரிமை உள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் தூண்டிலை எடுக்க வேண்டும். மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் ஏறினால் ஓடைகளில் கல்லோடு கல்லாக ஒட்டி நிற்கிற சின்னஞ்சிறு மீன்கள். அங்கே நான் கழியை எடுத்துப் போவதில்லை. பாறைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பேன். மலைத்தேன் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன்.

ஏரியிலும் கேட்டுக்கொண்டுதான் தூண்டில் போட வேண்டும். மீன்பாசி ஏலம் பசலிக் கணக்கில் போகும். ஜூலையில் ஆரம்பித்து ஜூனில் முடியும். ஏலம் எடுத்தவர் பணம் கட்டிக் குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்லாவைத் தூக்கிக்கொண்டு போனால் அது திருட்டு. கேட்டால் பெரும்பாலும், "தூண்டில்தான, போடுப்பா, விரால எடுத்துக்க, கட்லாவ விட்டுடு" என்பார்கள். நான் முதலில் கேட்காமல் உட்கார்ந்த ஏரியில் காவல்காரர் ஒருவர் என் சைக்கிள் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் எனக்குப் புத்தி சொன்னார். புத்தி சொல்லி முடித்துவிட்டு, "ஏன் அங்க உக்காந்த? மதகுக்கு எடப்பக்கம் போயிருந்தா அடிச்சிருக்கும்ல" என்றார். இன்றைக்கும் அவர் சொன்ன அந்த இடப்பக்கக் கல்தான் என் இடம்.

பிடித்த விராலை வீட்டுக்குக் கொண்டுபோனால் முதலில் சாம்பல். கல்லில் சாம்பலைப் போட்டுத் தேய்த்து அந்த வழவழப்பைக் கழற்றி, கல்லுப்பு போட்டு இரண்டு கழுவு கழுவி, துண்டு போட்டு வைத்தால்தான் வீட்டுக்காரி அடுப்பைப் பற்றவைப்பாள். மண்சட்டி. நல்லெண்ணெயில் தாளிப்பு வடகம் பொரிகிற வாசனைக்கு எதிர்வீட்டு நாய் வந்து வாசலில் படுத்துக்கொள்ளும். பழம்புளி, அரைத்த மிளகாய், பூண்டு முழுசு முழுசாக, மாங்காய்க் காலமென்றால் நாலு கீற்று. குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகுதான் மீன் இறங்க வேண்டும். இறங்கின பிறகு கரண்டி போடக்கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. அன்றைக்குச் சாப்பிடுகிறவன் அவசரக்காரன். மறுநாள் காலையில், கேவுரு களி உருண்டையின் நடுவில் கட்டைவிரலால் குழி செய்து, ஆறிக் கெட்டியான அந்தக் குழம்பை ஊற்றித் தின்றுவிட்டு வந்தேன் என்றால், பட்டறையில் எந்த மோட்டாரும் எனக்கு மோட்டார் இல்லை.

நான் சொன்ன அந்தச் சித்தேரி எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். திருநாவலூர் வந்து காயில் கட்டுகிறவர் பட்டறை எது என்று விசாரியுங்கள், யாரும் காட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் பூட்டுத் தொங்கும். பக்கத்திலேயே டீக்கடை. எந்த ஏரிக்குப் போயிருக்கிறார் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெரியாது என்பார். அப்படிச் சொல்வதற்காக வாரத்துக்கு ஒரு கூறு கெளுத்தி அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.